வீட்டுச் சோதனையும் கைப்பற்றிய பொருளும்: சட்டம் எதுவரை?

"வொரண்ட் இல்லாம பொலிஸ் வீட்டுக்குள்ள வரலாமா?" 2019 ஏப்ரலுக்குப் பிறகு நம்ம ஊர்களில் பள்ளிவாசல் முற்றத்திலும் தேத்தண்ணிக் கடையிலும் கலியாண வீட்டிலும் கேட்கப்பட்டு வரும் கேள்வி இது. சில சந்தர்ப்பங்களில் வரலாம், சில சந்தர்ப்பங்களில் வர முடியாது என்பதே சட்டத்தின் பதில். ஆனால் இதைவிட முக்கியமான இன்னொரு கேள்வி இருக்கிறது. அதை நாம் அதிகம் கேட்பதில்லை. வரக்கூடாத முறையில் வந்து ஒரு பொருளை எடுத்துக்கொண்டு போனால், அந்தப் பொருளை நீதிமன்றத்தில் நமக்கெதிராகக் காட்டலாமா?

இலங்கையில் பெரும்பாலும் காட்டலாம். பலருக்கு இது அதிர்ச்சியாக இருக்கும். "வொரண்ட் இல்லாம எடுத்த சாமான் கோட்டுல செல்லாது" என்று ஊரில் சொல்லிக்கொள்வதெல்லாம் அமெரிக்கப் படங்களைப் பார்த்து வந்த நம்பிக்கை. நமது சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது, இதற்குள் ஒரு சாதாரண குடும்பத்துக்கு மிஞ்சியிருக்கும் பாதுகாப்பு என்ன என்பவற்றைப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வாசலும் அனுமதியும்

பிறர் வீட்டு வாசலில் நின்று சலாம் சொல்லி அனுமதி பெறாமல் உள்ளே போகக் கூடாது, திரும்பிப் போகச் சொன்னால் திரும்பிவிட வேண்டும் என்று ஸூரத்துந் நூர் கற்பிக்கிறது. ஸூரத்துல் ஹுஜுராத் பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதைத் தடுக்கிறது. ஸூரத்துல் பகரா வீடுகளுக்கு அவற்றின் வாசல் வழியாக வரச் சொல்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாக இணைத்து உமர் (ரழி) அவர்களைப் பற்றி ஒரு சம்பவம் சொல்லப்படுவதை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். இரவில் ஊரைச் சுற்றி வந்தபோது ஒரு வீட்டின் சுவர் ஏறிக் குதித்து, உள்ளே மது அருந்திக்கொண்டிருந்தவரைக் கையும் மெய்யுமாகப் பிடிக்கிறார்கள். அந்த மனிதரோ, "நான் செய்தது ஒரு பாவம், நீங்கள் செய்தது மூன்று. துருவினீர்கள், வாசலால் வரவில்லை, அனுமதி கேட்கவில்லை" என்கிறார். கலீஃபா அவரைத் தண்டிக்காமல் திரும்பிவிடுகிறார்.

இந்த அறிவிப்பின் வரிசை எவ்வளவு பலமானது என்பது ஹதீஸ் துறை அறிஞர்களின் விவாதத்துக்குரியது. ஆனால் இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில், தீமையைத் தடுக்கும் அதிகாரத்தின் எல்லையைப் பேசும் இடத்தில் இதை எடுத்தாளுகிறார். நமக்கு இங்கே முக்கியமானது கதையின் முடிவு. மது அங்கே இருந்தது உண்மை, பார்த்த கண்ணும் பொய் சொல்லவில்லை. அப்படியிருந்தும் வந்த வழி பிழை என்பதால் கண்டது கைவிடப்பட்டது. இன்றைய சட்ட மொழியில் சொன்னால், முறைகேடாகப் பெற்ற சான்று விலக்கப்பட்டது.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. அல்-மாவர்தி தமது அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யாவில் துருவித் தேடுவதைத் தடுத்துவிட்டு ஒரு விதிவிலக்கும் வைக்கிறார். ஒருவரைக் கொல்ல இன்னொருவர் தனியே அழைத்துச் சென்றிருக்கிறார் என்று நம்பத்தகுந்த ஒருவர் வந்து சொன்னால், பிறகு சரிசெய்யவே முடியாத தீங்கு நேரும் முன் உள்ளே போய்ப் பார்க்கலாம். அவசரம், நம்பகமான தகவல், திரும்பப் பெற முடியாத தீங்கு என்ற இந்த மூன்று அளவுகோல்களும் இன்றைய சட்டங்கள் பேசும் "நியாயமான சந்தேகம்" என்பதிலிருந்து அதிக தூரத்தில் இல்லை.

ஆங்கிலேயச் சட்டத்தில் இதே கேள்வி ஓர் எழுத்தாளரின் வீட்டு வாசலில் எழுந்தது. 1762இல் அரசாங்கத்தை விமர்சித்து எழுதிய ஜோன் என்டிக் என்பவரின் வீட்டுக்குள், அமைச்சர் ஹாலிஃபாக்ஸ் பிரபு கையெழுத்திட்ட ஆணையுடன் அரச தூதர்கள் நுழைந்தார்கள். பல மணி நேரம் பூட்டுகளை உடைத்து, பெட்டிகளைக் கிளறி, நூற்றுக்கணக்கான தாள்களை அள்ளிச் சென்றார்கள். என்டிக் வழக்குப் போட்டார். 1765இல் கேம்டன் பிரபு வழங்கிய தீர்ப்பின் சாரம் இதுதான்: அரசின் தேவை என்பது மட்டும் சட்டமாகிவிடாது. ஒருவர் வீட்டுக்குள் நுழைந்து அவரது தாள்களை எடுக்கும் அதிகாரம் சட்டத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். எழுதப்படவில்லையென்றால் அது அத்துமீறல். என்டிக்கிற்கு 300 பவுண் இழப்பீடு கிடைத்தது. அமெரிக்க அரசியலமைப்பின் 4ஆவது திருத்தத்துக்குப் பின்னால் இருந்த நினைவுகளில் இந்தத் தீர்ப்பும் ஒன்று.

நமது அரசியலமைப்பு சொல்வதும் சொல்லாததும்

1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் மூன்றாம் அத்தியாயம் அடிப்படை உரிமைகளைப் பட்டியலிடுகிறது. சிந்தனை, மனச்சாட்சி, மத சுதந்திரம் 10ஆவது உறுப்புரையில். சித்திரவதையிலிருந்து விடுதலை 11இல். சட்டத்தின் முன் சமத்துவம் 12இல். காரணம் சொல்லாமல் கைது செய்யப்படாதிருக்கும் உரிமை 13இல். பேச்சு, வெளியீடு, ஒன்றுகூடல் முதலியன 14இல். இந்தப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தாலும் "ஒருவரின் வீடு, உடைமை, கடிதம் ஆகியவை காரணமின்றிச் சோதனையிடப்படக் கூடாது" என்ற உறுப்புரை ஒன்று கிடைக்காது. 2015இல் 19ஆவது திருத்தத்தால் வந்த 14அ உறுப்புரையில் அந்தரங்கம் என்ற சொல் வருகிறதுதான். ஆனால் அங்கே அது உரிமையாக வரவில்லை. தகவல் கோரும் உரிமையைக் கட்டுப்படுத்தக்கூடிய காரணங்களில் ஒன்றாகவே வருகிறது.

குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1980இல் இணைந்தது. அதன் 17ஆவது உறுப்புரை அந்தரங்கம், குடும்பம், வீடு ஆகியவற்றில் எதேச்சையாகத் தலையிடுவதைத் தடுக்கிறது. அந்த வாக்குறுதி நமது அடிப்படை உரிமைகளின் அத்தியாயத்துக்குள் நேராக வந்து சேரவில்லை.

ஆகவே அநியாயமான சோதனை ஒன்றுக்கு எதிராக உயர் நீதிமன்றம் போகிறவர், வீட்டின் உரிமை என்று நேராகச் சொல்ல முடிவதில்லை. சட்டத்தின் சமமான பாதுகாப்பு மறுக்கப்பட்டது என்று 12(1)ஐயோ, கைதும் நடந்திருந்தால் 13ஐயோ, புத்தகமோ எழுத்தோ கைப்பற்றப்பட்டிருந்தால் 14ஐயோ சுற்றி வளைத்துத்தான் காட்ட வேண்டியிருக்கிறது. அவற்றில் பலவற்றைத் தேசியப் பாதுகாப்பின் பெயரால் கட்டுப்படுத்த 15(7)ஆவது உறுப்புரை இடம் தருகிறது.

வொரண்ட் எப்போது வேண்டும்?

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி தேடுதல் ஆணையை வழங்குபவர் நீதவான். ஆணை வழங்க நம்புவதற்குரிய காரணம் அவர் முன் வைக்கப்பட வேண்டும். பொலிஸ் சந்தேகிக்கிறது என்பதோடு விடயம் முடிந்துவிடாமல், விசாரணையோடு சம்பந்தமில்லாத ஒருவர் அந்தச் சந்தேகத்தை ஒரு முறை எடைபோட்டுப் பார்க்கிறார். ஆணையின் பயன் அதுதான்.

ஆனால் அதே சட்டக்கோவை விதிவிலக்குகளும் தருகிறது. கைது செய்யப்பட வேண்டியவர் ஓரிடத்துக்குள் புகுந்துவிட்டால் பின்தொடர்ந்து போய்த் தேடலாம். கைது செய்யப்பட்டவரின் உடலைச் சோதித்து, உடுத்திருக்கும் உடை தவிர்ந்த பொருட்களைப் பாதுகாப்பில் எடுக்கலாம். விசாரணைக்கு அவசியமான பொருளொன்றை உரியவர் தரமாட்டார் என்று நம்பக் காரணம் இருந்தால் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி தேடுதல் நடத்தலாம். ஆக, சாதாரண சட்டத்தின் கீழ்க்கூட "வொரண்ட் எங்க?" என்ற ஒரு கேள்வியால் மட்டும் கதவை மூடிவிட முடியாது.

1979ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கதவு இன்னும் அகலமாகத் திறக்கிறது. அதன் 6ஆவது பிரிவின் கீழ் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி, அல்லது அவரால் எழுத்தில் அதிகாரமளிக்கப்பட்ட, உப பொலிஸ் பரிசோதகர் தரத்துக்குக் குறையாத அதிகாரி ஆணையின்றிக் கைது செய்யலாம், எந்தக் கட்டடத்துக்குள்ளும் நுழைந்து தேடலாம், ஆட்களையும் வாகனங்களையும் நிறுத்திச் சோதிக்கலாம், சட்டவிரோதச் செயலோடு தொடர்புடைய ஆவணத்தையோ பொருளையோ கைப்பற்றலாம். இங்கே கவனிக்க வேண்டிய இரண்டு சொற்கள் "தரம்", "எழுத்தில்" என்பவை. வாசலில் நிற்கும் எல்லோருக்கும் இந்த அதிகாரம் தானாக வந்துவிடுவதில்லை. இவற்றுக்கு மேலே பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழான அவசரகால ஒழுங்குவிதிகள் இருக்கின்றன. 2019 ஏப்ரல் 22 முதல் நான்கு மாதம் அவை நடைமுறையில் இருந்தபோது இராணுவத்தினரும் வீடுகளைச் சோதித்தார்கள்.

இது முஸ்லிம்களின் பிரச்சினை மட்டுமல்ல. வடக்கு, கிழக்கில் தமிழ்க் குடும்பங்கள் பல தசாப்தங்களாகச் சுற்றிவளைப்புகளைக் கண்டவர்கள். 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகத் தொடங்கிய "யுக்திய" நடவடிக்கையில் சிங்களக் கிராமங்களும் நகரத் தோட்டங்களும் அதை அனுபவித்தன. ஐக்கிய நாடுகள் மனித உரிமை நிபுணர்கள் 2024 ஜனவரியில் அதுபற்றிக் கவலை தெரிவித்தார்கள்.

இரண்டு தோட்டாக்கள்

முறைகேடாக எடுத்த பொருள் ஏன் செல்லுபடியாகிறது? இதற்கு விடை தேடினால் கென்யாவின் ஒரு வீதித் தடைக்குப் போக வேண்டும். 1950களில் மௌ மௌ கிளர்ச்சியை அடக்க அங்கே அவசரகாலச் சட்டம் இருந்தது. குருமா என்ற கூலித் தொழிலாளி சைக்கிளில் தன் ஊருக்குப் போகும்போது பொலிஸார் நிறுத்திச் சோதித்தார்கள். இரண்டு தோட்டாக்களும் ஒரு சிறு கத்தியும் அவரிடம் இருந்ததாகச் சொன்னார்கள். உதவிப் பரிசோதகர் தரத்துக்குக் குறைந்தவர்கள் அப்படிச் சோதிக்க அந்த ஒழுங்குவிதி அதிகாரம் தரவில்லை. சோதித்தவர்களோ அந்தத் தரத்துக்குக் கீழே இருந்தவர்கள். தோட்டா வைத்திருந்ததற்குத் தண்டனை மரணம்.

மேன்முறையீடு இலண்டன் பிரிவுக் கவுன்சிலுக்குப் போனது. கோடார்ட் பிரபுவின் தீர்ப்பு வழக்குத் தொகுதிகளில் 1955ஆம் ஆண்டுக்குரியது. சான்று வழக்கோடு சம்பந்தமுடையதா என்பதே கேள்வி. அது எப்படிக் கிடைத்தது என்பதில் நீதிமன்றத்துக்கு அக்கறையில்லை என்று அது தீர்த்தது. குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு அநீதியாக அமையுமானால் நீதிபதி தன் தற்றுணிபின்படி சான்றை விலக்கலாம் என்று ஒரு சின்ன யன்னலை மட்டும் திறந்து வைத்தது. அந்தக் கத்தி நீதிமன்றத்தில் காட்டப்படவே இல்லை. சோதனையின்போது அங்கிருந்த வேறு சிலர் சாட்சியாக அழைக்கப்படவும் இல்லை. இவற்றை நீதிபதிகளே கவனித்தார்கள். இருந்தும் மேன்முறையீடு தள்ளுபடியானது.

அப்போது இலங்கைக்கும் பிரிவுக் கவுன்சில்தான் இறுதி நீதிமன்றம். நம்முடைய சான்றுக் கட்டளைச் சட்டமும் 1895இலிருந்து இன்றுவரை அதே தர்க்கத்தில்தான் நிற்கிறது: சம்பந்தமுடைய நிகழ்வுக்குச் சான்று அளிக்கலாம். தேடுதல் சட்டவிரோதமாக நடந்தது என்பதற்காகக் கிடைத்த பொருளை விலக்க வேண்டும் என்று அதில் ஒரு பிரிவும் இல்லை.

வாய்மொழிக்கு மட்டும் சட்டம் வேறு விதமாக நடந்துகொள்கிறது. பொலிஸ் உத்தியோகத்தரிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அதே கட்டளைச் சட்டத்தின் 25ஆவது பிரிவு ஏற்பதில்லை. அடித்து வாங்கியிருக்கலாம் என்ற பயம்தான் காரணம். ஆனால் 27ஆவது பிரிவு, அந்த வாக்குமூலத்தில் எந்தப் பகுதி ஒரு பொருளைக் கண்டெடுக்க வழிகாட்டியதோ அந்தப் பகுதியை மட்டும் உள்ளே விடுகிறது. பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் 16ஆவது பிரிவு, உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் தரத்துக்குக் குறையாத ஒருவரிடம் கொடுத்த ஒப்புதலையே ஏற்கச் செய்கிறது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால், "எங்கிருந்து, யார் முன்னிலையில், என்ன எடுக்கப்பட்டது" என்பது ஒருவரின் தலைவிதியைத் தீர்க்கும் கேள்வியாகிவிடுகிறது.

அதே காலத்தில் அமெரிக்கா எதிர்த்திசையில் போனது. 1957இல் கிளீவ்லாந்தில் டொல்ரீ மேப் என்ற கறுப்பினப் பெண்ணின் வீட்டுக்குப் பொலிஸார் வந்தார்கள். ஒரு குண்டுவெடிப்போடு தொடர்புடையவர் உள்ளே ஒளிந்திருக்கிறார் என்பது தகவல். ஆணை இல்லாமல் விடமாட்டேன் என்றார் அவர். சில மணி நேரம் கழித்து இன்னும் பலர் வந்து கதவைத் தகர்த்து, ஒரு தாளைக் காட்டி இதுதான் ஆணை என்றார்கள். அந்தத் தாள் பிறகு நீதிமன்றத்தில் காட்டப்படவேயில்லை. அவர்கள் குற்றம் சாட்டியது குண்டுக்காக அல்ல. பெட்டியொன்றில் கிடைத்த சில புத்தகங்களுக்கும் படங்களுக்குமாக, ஆபாசம் என்று சொல்லி. 1961இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்தச் சான்றைத் தள்ளி அவரது தண்டனையை நீக்கியது. அரசியலமைப்பை மீறி எடுத்ததை மாநில நீதிமன்றங்களும் ஏற்கக் கூடாது என்றது.

இந்த விதிக்கு எதிரான வாதம் பலமானது, அதை நேராகச் சொல்லத்தான் வேண்டும். பொலிஸ்காரர் விட்ட பிழைக்காகக் குற்றவாளி தப்புவதா? 2019 ஜனவரியில் வனாத்தவில்லுவில் தோட்டமொன்றில் பெருந்தொகை வெடிபொருள் பிடிபட்டது ஒரு தேடுதலில்தான். அந்த எச்சரிக்கை போதுமான அளவு பின்தொடரப்படாமல், ஏப்ரல் 21இல் 250க்கும் மேற்பட்ட உயிர்கள் பறிபோயின. சாய்ந்தமருதுவில் ஒளிந்திருந்தவர்கள் பற்றித் தகவல் கொடுத்தது நமது ஊர் மக்களே. தேடுதல் வேண்டாம் என்று எவரும் சொல்ல முடியாது. தேடுகிறவர் எதற்காக, எந்த அதிகாரத்தில் தேடுகிறார் என்பதை எழுத்தில் வைத்துவிட்டுத் தேட வேண்டும் என்பதுதான் கோரிக்கை.

அமெரிக்க வழிக்கும் குருமா வழிக்கும் நடுவே பாதைகளும் உண்டு. இங்கிலாந்து 1984இல், வழக்கின் நியாயத்தைப் பாதிக்கும் சான்றை விலக்கும் அதிகாரத்தை நீதிபதிக்குச் சட்டமாகவே எழுதிக் கொடுத்தது. தென்னாபிரிக்காவின் 1996 அரசியலமைப்பு, உரிமையை மீறிப் பெற்ற சான்று வழக்கை அநியாயமாக்கினால் அது விலக்கப்பட வேண்டும் என்கிறது. குருமாவின் சொந்த நாடான கென்யாவும் 2010ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 50(4)ஆவது உறுப்புரையில் அதையே எழுதிக்கொண்டது. விதியைத் தந்தவர்களும் அதனால் பாதிக்கப்பட்டவர்களும் நகர்ந்துவிட்டார்கள். நாம் மட்டும் அந்த வீதித் தடையிலேயே நிற்கிறோம்.

புத்தகம் எப்போது சான்றாகிறது?

2019க்குப் பிறகு வீடுகளில் கைப்பற்றப்பட்டவை ஆயுதங்கள் மட்டுமல்ல. அரபு எழுத்து இருந்தாலே சந்தேகம் என்ற நிலை பல இடங்களில் இருந்தது. "எங்கட வாப்பாட கிதாபு, என்னத்துக்கு எண்டு கேட்டா என்ன சொல்லுற?" என்று பயந்து, ஓதிய நூல்களை எரித்தவர்களும் கிணற்றில் போட்டவர்களும் புதைத்தவர்களும் உண்டு. எந்தச் சட்டமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. எது சான்று, எது சான்றல்ல என்பதை யாரும் தெளிவாகச் சொல்லாத இடத்தில் மக்கள் தாங்களே தங்கள் வீட்டைச் சோதனையிட்டுக்கொண்டார்கள். பரம்பரையாக வந்த கையெழுத்துப் பிரதிகள் எத்தனை இப்படி அழிந்தன என்று கணக்கெடுக்கவும் இனி வழியில்லை.

மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீமின் வழக்கு நம் இலக்கிய உலகம் மறக்கக் கூடாதது. 2020 மே மாதம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் அவர் கைதானார். அவருக்கெதிராக முன்வைக்கப்பட்டவற்றில் முக்கியமானது அவரது "நவரசம்" என்ற தமிழ்க் கவிதைத் தொகுப்பு. கவிதை மொழிபெயர்ப்பின் வழியாக மதிப்பிடப்பட்டது. உருவகம் நேர்ப்பொருளானது. 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அந்த நூல் கடையில் வாங்கக்கூடிய ஒன்று. அதைக் கண்டெடுக்க இரகசியத் தேடுதல் எதுவும் தேவைப்படவில்லை. பொருள் கைக்கு வந்த பிறகு அது எதைக் காட்டுகிறது என்று யார், எந்த மொழியறிவோடு தீர்மானிக்கிறார் என்பதே அங்கிருந்த கேள்வி.

2019இல் மலையகப் பகுதியில் முஸ்லிம் பெண்ணொருவர் அணிந்திருந்த ஆடையிலிருந்த கப்பல் சுக்கானின் படம் தர்மச்சக்கரம் என்று கொள்ளப்பட்டு அவர் விளக்கமறியலில் வைக்கப்பட்டார். அங்கே ஆடைதான் சான்று. அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் சொல்ல நான்கு ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. தீர்ப்பு வந்தது நல்லதே. ஆனால் சிறையில் கழித்த நாட்களைத் தீர்ப்பு திருப்பித் தராது.

கையில் இருக்கும் தொலைபேசி

இன்று ஒரு வீட்டின் அலுமாரிகள் அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு தொலைபேசிக்குள் இருப்பதற்கு ஈடாகாது. குடும்பப் படங்கள், வைத்திய அறிக்கைகள், பெண்கள் தங்களுக்குள் பேசியவை, பள்ளிவாசல் குழுமத்தில் யாரோ அனுப்பிய காணொளி, எல்லாம் அதற்குள். 2014இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், கைது செய்யப்பட்டவரின் சட்டைப் பையில் இருந்த தொலைபேசியாக இருந்தாலும் அதன் உள்ளடக்கத்தைப் பார்க்கப் பொதுவாக ஆணை தேவை என்று ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. பையில் இருக்கும் பேனாவைப் பார்ப்பதும் தொலைபேசியைப் பார்ப்பதும் ஒன்றல்ல என்பதே அதன் அடிப்படை.

நமது 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம் இந்த விடயத்தில் ஓரளவு முன்னேறியது. அதன் கீழான விசாரணையில் தகவலைப் பெற நீதவானின் ஆணை வேண்டும். அவசரம், சான்று அழிந்துவிடும் அபாயம் போன்ற நிலைகளில் மட்டும் விலக்கு. கைப்பற்றிய பொருட்கள், தரவுகள் எல்லாவற்றையும் திகதி நேரத்தோடு பட்டியலிட்டு உரியவருக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. குறை என்னவென்றால், இந்தப் பாதுகாப்புகள் அந்தச் சட்டத்தின் கீழ் வரும் விசாரணைகளுக்கே எழுதப்பட்டவை. வேறு சட்டத்தின் பெயரைச் சொல்லித் தொலைபேசியை வாங்கிக்கொண்டு போகும்போது இவற்றை வலியுறுத்துவது கடினம்.

மிஞ்சியிருக்கும் பாதுகாப்பு

அரசியலமைப்பு வீட்டைப் பெயர் சொல்லிக் காக்கவில்லை, சான்றுச் சட்டம் முறைகேட்டைத் தண்டிக்கவில்லை என்றால் என்னதான் மிச்சம்? சின்னச் சின்ன நடைமுறை விதிகள்தான். அவை சோதனை நடக்கும் அந்த நேரத்திலேயே கேட்கப்பட்டால்தான் பயன்.

முதலாவது, எதிர்த்து நிற்கக் கூடாது. கடமையிலுள்ள அலுவலரைத் தடுப்பது தனிக் குற்றமாகிவிடும். மரியாதையாக, "எந்தச் சட்டத்தின் கீழ வந்திருக்கிறீங்க, யார் பொறுப்பு, எந்த ஸ்டேஷன்?" என்று கேட்பது தடுப்பதாகாது. ஆணை இருந்தால் வாசித்துப் பார்க்கலாம். பயங்கரவாதத் தடைச் சட்டம் என்றால் வந்திருப்பவரின் தரத்தையும், எழுத்திலான அதிகாரத்தையும் கேட்கலாம். பதிலை நினைவில் வைத்து உடனே எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, கூடவே இருக்க வேண்டும். சட்டக்கோவையின் கீழ் நடக்கும் தேடுதலில் வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ உடனிருக்க அனுமதிக்கப்பட வேண்டும். "நீங்க வெளிய நில்லுங்க" என்றால் இந்த உரிமையை நினைவூட்டலாம். பயத்தில் எல்லோரும் முற்றத்துக்குப் போய்விட்டு, பிறகு "அது எங்கட வீட்டுல இருக்கல்ல" என்று சொல்வதில் பலன் குறைவு. பெண்களின் உடலைப் பெண் ஒருவரே, கண்ணியத்தைக் காத்துச் சோதிக்க வேண்டும் என்பது சட்டக்கோவையின் 30ஆவது பிரிவு. அது சலுகை அல்ல.

மூன்றாவது, பட்டியல். எடுத்த பொருட்களையும் அவை எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் எழுதிக் கையொப்பமிட்ட பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும். கேட்டால் பிரதி தர வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் பெறுமதியானது. "அரபுப் புத்தகங்கள் சில" என்று எழுதுவதற்கும், நூலின் பெயர், எண்ணிக்கை, எந்த அறை என்று எழுதுவதற்கும் வழக்கு மன்றத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். பட்டியல் தர மறுத்தால் அன்றிரவே வீட்டார் தாங்களாக ஒன்றை எழுதி, திகதி நேரமிட்டு, கண்டவர்களிடம் கையொப்பம் வாங்கிச் சட்டத்தரணியிடம் கொடுக்கலாம்.

நான்காவது, மொழி. வாசிக்க முடியாத சிங்களத் தாளில் கையொப்பமிடுவது நம்மவர்களின் பழைய பிழை. பொலிஸுக்குக் கொடுக்கும் வாக்குமூலம் விளங்கும் மொழியில் வாசித்துக் காட்டப்பட வேண்டும். திருத்தவும் சேர்க்கவும் இடமளிக்கப்பட வேண்டும். "எனக்கு விளங்கல்ல, தமிழ்ல சொல்லுங்க" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி.

ஐந்தாவது, ஒரு மாதம். அடிப்படை உரிமை மீறலுக்கு 126ஆவது உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின்படி விசாரணை நிலுவையில் உள்ள காலம் அந்த ஒரு மாதக் கணக்கில் சேராது. "கொஞ்ச நாள் போகட்டும், ஊர்ப் பெரியவங்க கதைச்சுப் பாக்கட்டும்" என்று காத்திருந்து இந்த உரிமையை இழந்த குடும்பங்கள் அநேகம்.

நமது நிறுவனங்கள் செய்யக்கூடியதும் இருக்கிறது. ஒவ்வொரு பள்ளிவாசல் நிருவாகமும் பிரதேசத்தின் ஒன்றிரண்டு சட்டத்தரணிகளின் தொடர்பை வைத்திருக்கலாம். மத்ரஸாக்களும் நூலகங்களும் தங்கள் நூல்களுக்கு முறையான பதிவேடு வைக்கலாம். என்ன நூல், யார் எழுதியது, எங்கு அச்சானது என்று எழுதி வைத்த இடத்தில் அந்த நூலைச் சந்தேகப் பொருளாக்குவது அவ்வளவு சுலபமல்ல. வீட்டில் பழைய ஏடுகள் வைத்திருப்பவர்கள் அவற்றைப் படம் பிடித்து வைப்பது நல்லது. எரிப்பதைவிட அது பாதுகாப்பானது.

சட்டமும் மாற வேண்டும். புதிய அரசியலமைப்புப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நம் பிரதிநிதிகள் தேர்தல் முறையையும் அதிகாரப் பகிர்வையும் பற்றிப் பேசுகிறார்கள். வீட்டையும் உடைமையையும் பெயர் சொல்லிக் காக்கும் ஓர் உறுப்புரை, உரிமையை மீறி எடுத்த சான்றை விலக்க நீதிபதிக்குத் தெளிவான அதிகாரம் தரும் ஒரு பிரிவு, பயங்கரவாதத் தடைச் சட்டத்துக்குப் பதிலாக எந்தச் சட்டம் வந்தாலும் தேடுதலுக்கு முன்போ உடனடியாகப் பின்போ நீதவானின் பார்வை, ஆகிய இந்த மூன்றும் சிறுபான்மையினரின் கோரிக்கைகள் மட்டுமல்ல. யுக்தியவில் கதவு தட்டப்பட்ட சிங்களக் குடும்பத்துக்கும் இவை தேவை. சேர்ந்து கேட்கக்கூடிய கோரிக்கைகள் நமக்கு அதிகம் வாய்ப்பதில்லை, இது அப்படியொன்று. அது கிடைக்கும்வரை, யாராவது கதவைத் தட்டினால் கையில் ஒரு பேனையும் தாளும் இருக்கட்டும்.